அமைதியைக் குலைத்தவர் யார்?

'டிஸ்டர்பன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவிலும் தாராளமாக நடமாடுவது. கொள்ளுப்பிட்டிக் கடலோரத்து ஹோட்டல்களில், தூக்கத்தைக் கலைக்க வேண்டாம் என்ற வாசகம் எழுதிய அட்டையைக் கதவிலே தொங்கவிட்டு விருந்தினர் துயில்கின்றனர். அந்த அட்டையில் உள்ளது இச்சொல்லின் வினைவடிவம். வங்காள விரிகுடாவின் கீழ் வளிமண்டலத்தில் 'தளம்பல் நிலை' தோன்றியுள்ளது என்று வானொலி அறிவிக்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். நோயாளியின் மனக்குழப்பத்தை மருத்துவர் இச்சொல்லாற் குறிக்கிறார். குடிபோதையில் அயலவரோடு சச்சரவிட்டவனின் செயலைப் பொலிஸ்காரர் இச்சொல்லாற் பதிகிறார். ஒரு நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு, வீடுகள் எரிக்கப்பட்டு, மனிதர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டாலும், ஆட்சியாளரின் ஏட்டிலே அதுவும் டிஸ்டர்பன்ஸ்தான்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமன்று. எல்லா மொழிகளிலும் அது இயல்பு. ஆனால் தூக்கம் கலைவதும், காற்றழுத்தம் தாழ்வதும், மனிதர் கொலையுண்பதும் ஒரே பெயருக்குள் அடங்கும்போது, அப்பெயர் யாருக்கு வசதியாக இருக்கிறது என்று கேட்பது நமது கடமையாகிறது. இது வெறும் அகராதி விவகாரமன்று. செய்த செயலுக்குப் பொறுப்பாளி யார் என்னும் அறவியற் கேள்வி இச்சொல்லினுள் மறைந்து கிடக்கிறது.

சொல்லின் வேரைப் பார்த்தாலே ஓர் உண்மை புலனாகும். இலத்தீன் மொழியில் 'துர்பா' என்பது சந்தடியைக் குறிக்கும், கும்பலையும் குறிக்கும். கும்பலென்றால் சந்தடி, சந்தடியென்றால் கும்பல் என்ற எண்ணம் உரோமருடைய மொழியிலேயே ஊறியிருந்தது. மாளிகையின் மேன்மாடத்தில் நின்று தெருவை நோக்குபவனின் பார்வை அது. தெருவில் நிற்பவனுக்குத் தன்னைச் சுற்றியிருப்போர் அண்ணனும் தம்பியும் அயலவரும் உடன்தொழிலாளியுமாவர். மேலிருந்து பார்ப்பவனுக்கோ அவர்கள் எல்லோரும் ஒரே 'துர்பா'.

நமது மொழியின் நிலை என்ன? இன்று நாம் 'கலவரம்' என்று வழங்கும் சொல், உள்ளத்தின் கலக்கத்தை முதன்மையாகக் குறித்து வந்தது. தாயின் கடிதம் வராமையால் மகன் கலவரமடைந்தான் என்று இன்றும் எழுதுகிறோம். அந்தச் சொல் உள்ளத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கி, கொலைக்கும் கொள்ளைக்கும் பெயராயிற்று. வடமொழியில் பேரிரைச்சலைக் குறித்த ஒரு சொல் தமிழிலே 'கோலாகலம்' என்று திருவிழாக் களிப்பைக் குறிக்கிறது. அதே சொல் சிங்களத்திலே 'கோலாஹல' என்று கலவரத்தைக் குறிக்கிறது. ஒரே ஓசை ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் விழாவாகவும் மறுபக்கத்தில் அச்சமாகவும் கேட்கிற நாடு நம்முடையது. ஆதலின் நாம் சொற்களைப் பிறரிலும் கூடிய விழிப்போடு கையாள வேண்டியவர்களாகிறோம்.

சட்டத்தின் மொழிக்கு வருவோம். 1714 ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம் கலகச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிக் குழப்பம் விளைவித்தால், அதிகாரி அரசரின் பெயரால் ஓர் அறிவித்தலை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்துள் கலையாதவர்கள் மரணதண்டனைக்கு உரியவராவர். இலங்கைக்கு 1883 இல் வழங்கப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை ஐவர் கூடினாற் போதுமென்றது. ஐவரின் பொதுநோக்கம் சட்டம் விலக்கிய ஒன்றாயின் அது சட்டவிரோதக் கூட்டம். அக்கூட்டம் பலாத்காரத்தைக் கையாண்டால் அது கலகம். இந்த வரைவிலக்கணங்களிற் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு. குழப்பத்துக்கு முன்னர் அமைதி நிலவியது. கூட்டம் வந்து அதைக் குலைத்தது என்பதே அது. முன்னிருந்த அமைதி எத்தகையது, அதன் பாரத்தைச் சுமந்தவர் யார் என்று சட்டம் கேட்பதில்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். லயத்து அறைகளில் நூறாண்டாக நிலவிய பட்டினியும் கடனும் 'அமைதி' எனப்பட்டன. கூலி உயர்வு கேட்டது 'குழப்பம்' எனப்பட்டது. 1947 ஜூனில் பொதுவேலைநிறுத்தம் வந்தபோது ஊர்வலத்தின்மீது சுட்டதில், கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் மாண்டார். அவ்வேளையில் அவசரமாக நிறைவேற்றப்பட்ட பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே, பின்னர் இந்நாடு கண்ட அவசரகால நிலைகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்திற்று. ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. சுடப்பட்டு இறந்தவர்கள் ஏழைகள். ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்ற நமது பழமொழிக்கு அதைவிடச் சிறந்த உரை வேண்டியதில்லை.

இந்த நிகழ்ச்சிகளில் அதிகாரத்தின் மொழி ஒரு விடயத்தில் மிகத் தெளிவாக இருந்தது. செய்தவர் யார் என்பதில் அதற்கு ஐயமே எழவில்லை. வேலைநிறுத்தக்காரர் கல்லெறிந்தனர், தண்டவாளத்தைக் கழற்றினர், பஸ்ஸை மறித்தனர். எழுவாயும் உண்டு, பயனிலையும் உண்டு, செயப்படுபொருளும் உண்டு. இலக்கணம் பிழையற்ற வாக்கியங்கள் இவை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கொள்ளுப்பிட்டியின் வடக்கெல்லையில் விரிந்து கிடக்கும் காலி முகத்திடலில், 1956 ஜூன் 5 ஆம் நாள் தமிழரசுக் கட்சியினர் செல்வநாயகத்தின் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அப்போதைய பாராளுமன்றக் கட்டடம் அத்திடலின் முன்னேயே நின்றது. உள்ளே சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா. வெளியே அதனை எதிர்த்து அமர்ந்திருந்தோர்மீது காடையரின் அடி. அந்நாளைத் தொடர்ந்து கல்லோயாப் பள்ளத்தாக்கிற் கொலைகள் நிகழ்ந்தன. 1958 மே மாதத்தில் பன்மடங்கு கொடிய வன்செயல் நாட்டின் பல பாகங்களிலும் தலைவிரித்தாடியது. கொழும்பிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கிற் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். 1977 ஆகஸ்டில் அது மீண்டும் வந்தது. 1983 ஜூலையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பொரளை மயானத்திலே தொடங்கிய வெறி காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று இறங்கிற்று. கொட்டாஞ்சேனையையும் அது விட்டுவைக்கவில்லை.

இவை ஒவ்வொன்றையும் பற்றிய வாக்கியங்களை நினைவுகூருங்கள். கலவரம் மூண்டது, கலவரம் வெடித்தது, கலவரம் பரவியது. தீக்கும் நோய்க்கும் உரிய வினைச்சொற்கள். கடைகள் எரிந்தன, கதவுகள் உடைந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர். எழுவாய் எங்கே? 1977 ஆம் ஆண்டு நடந்தவற்றை ஆராய நியமிக்கப்பட்ட சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் வெளிவந்தது. அதன் தலைப்பே, குறித்த இரு தேதிகளுக்கிடையில் 'நிகழ்ந்த சம்பவங்கள்' பற்றியது என்று கூறுகிறது. சம்பவம் என்பது தானே நிகழ்வது. அதைச் சம்பவிக்கச் செய்தவன் தலைப்பிற்குள் வரமாட்டான்.

பாடசாலையில் தன்வினை பிறவினை கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும்: 'எரிந்தன' என்பதற்கும் 'எரித்தனர்' என்பதற்கும் உள்ள தூரம் மிகச் சிறியது. மெல்லினம் வல்லினமாகிறது; விகுதி மாறுகிறது. உடைந்தன, உடைத்தனர், கலைந்தனர், கலைத்தனர், அழிந்தது, அழித்தனர். இந்தச் சிறிய மாற்றத்தில் ஒரு மனிதன் தோன்றுகிறான். கையிலே மண்ணெண்ணெய்ப் போத்தலோடு தோன்றுகிறான். தமிழ் இலக்கணம் அந்த மனிதனைக் காட்டவும் நமக்கு வழி தந்திருக்கிறது. மறைக்கவும் வழி தந்திருக்கிறது. எவ்வழியைத் தேர்கிறோம் என்பது இலக்கணம் தீர்மானிப்பதன்று. அது நாம் தீர்மானிப்பது.

1983 இல் வந்தவர்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினர் என்பது பலராலும் பதியப்பட்ட செய்தி. புயல் பட்டியல் பார்த்து வீடு தெரிவதில்லை. வெலிக்கடைச் சிறைச்சாலையில் ஜூலை 25 ஆம் நாளும் 27 ஆம் நாளுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பூட்டிய கதவும், சாவி வைத்திருக்கும் காவலரும் உள்ள இடத்தில், ஒருமுறை நடந்த பின் ஒருநாள் இடைவிட்டு மறுமுறையும் நடப்பதை எந்தத் தளம்பல் நிலையால் விளக்குவது? அம்மாத இறுதியிலே அரசாங்கத்துக்கும் ஓர் எழுவாய் தேவைப்பட்டது. உடனே இடதுசாரிக் கட்சிகள் மூன்று தடைசெய்யப்பட்டன. கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி என்பனவே அவை. அவைதான் அந்த அழிவைத் திட்டமிட்டன என்பதற்கு நீதிமன்றத்தின் முன் ஆதாரம் எதுவும் வைக்கப்படவில்லை. செய்தவனின் பெயரை மறைக்கும் மொழி, தேவை வந்தபோது செய்யாதவனின் பெயரை இட்டு நிரப்பவும் தயங்குவதில்லை.

ஆகவே இச்சொல்லின் பல பொருள்களுக்கு அடியிலே ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். எளியவர்கள் செய்யும்போது 'குழப்பம்' செய்பவரைச் சுட்டும். எளியவர்களுக்குச் செய்யப்படும்போது அதே சொல் செய்தவரை மூடும்.

எனினும், கூட்டத்தின் பக்கமே எப்போதும் நீதி என்று முடிவுகட்டினால் அது மறுபுறத்துத் தவறாகும். அதற்கும் கொள்ளுப்பிட்டியே சாட்சி. 1966 ஜனவரி 8 ஆம் நாள், தமிழ்மொழி உபயோகம் பற்றிய பிரமாணங்களை எதிர்த்து எதிர்க்கட்சிகள் கொழும்பில் ஊர்வலம் சென்றன. அதிலே சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குகொண்டன. பொலிஸார் கொள்ளுப்பிட்டியிற் சுட்டதில் ஓர் இளம் பௌத்த பிக்கு உயிரிழந்தார். அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தொழிலாளரும் இருந்த ஊர்வலம் அது. அரசாங்கத்தை எதிர்த்த ஊர்வலம். துப்பாக்கிக்கு ஒருவரைப் பலிகொடுத்த ஊர்வலம். ஆயினும் அது எதிர்த்தது, ஒரு சிறுபான்மை மக்கள் தம் மொழியிற் கடிதம் எழுதிப் பதில்பெறும் எளிய உரிமையை. ஹர்த்தாலின் கொடியை ஏந்திய கரங்கள் சில அன்று அந்த ஊர்வலத்திலும் கொடி ஏந்தின. அந்தச் சூட்டைக் கண்டிக்கலாம்; கண்டிக்கவே வேண்டும். ஊர்வலத்தின் நோக்கத்தை நியாயப்படுத்த அது போதாது. அமைதி குலைந்ததா என்ற கேள்வி எந்த நியாயத்தையும் அளக்க உதவாது என்பதையே அந்நாள் காட்டுகிறது. யாருடைய சுமையை இறக்க, அல்லது யார்மீது சுமையை ஏற்ற, அமைதி குலைக்கப்பட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இன்னொன்றும் உண்டு. சிறிதும் அமைதி குலையாமல் இழைக்கப்பட்ட கொடுமைகள் உள்ளன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கும் வழியைத் திறந்தது. அன்று ஒரு கல்லும் எறியப்படவில்லை. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அங்கத்தவர்கள் ஒழுங்காகப் பேசினர், ஒழுங்காக வாக்களித்தனர், ஒழுங்காக வீடு சென்றனர். எந்தப் பொலிஸ் நிலையத்தின் பதிவேட்டிலும் அந்நாளில் டிஸ்டர்பன்ஸ் இல்லை.

இந்த அளவுகோலைப் பிறர்மீது மட்டும் வைப்போமாயின் நமது அறச்சீற்றம் பாதி வழியிலே நின்றுவிடும். 1915 ஆம் ஆண்டு கண்டியிலே தொடங்கிக் கொழும்புக்குப் பரவிய வன்செயலில், முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, விசாரணையின்றியும் அரைகுறை விசாரணையோடும் சிங்கள மக்களைக் கொன்றது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றது. அந்த அநீதியைச் சட்டசபையில் அஞ்சாது எடுத்துரைத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். அதற்கென ஒரு நூலே எழுதி 1916 இல் லண்டனில் வெளியிட்டார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால் ஆட்சியாளரின் கொடுமை அங்கே எழுவாயோடு எழுந்து நின்ற அளவுக்கு, எரிக்கப்பட்ட கடைக்காரனின் துயரம் எழுந்து நிற்கவில்லை. முஸ்லிம் மக்கள் அதனை நெடுங்காலம் மறக்கவில்லை.

அதனினும் அண்மையது 1990. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். இதைத் தமிழிலே 'முஸ்லிம்களின் இடப்பெயர்வு' என்று எழுதுவோர் உளர். இடம் தானே பெயர்ந்ததா? 'எரிந்தன' என்ற சொல்லைக் கேட்டு வெள்ளவத்தையிற் கொதிக்கின்ற நாம், 'இடம்பெயர்ந்தனர்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்துச் சோனக தெருவைப் பற்றி எழுதுவோமாயின், நமது கொதிப்பு அறத்தின்பாற் பட்டதா இனத்தின்பாற் பட்டதா என்ற ஐயம் நியாயமானதே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும்; அது அலட்சியம் செய்யத் தக்கதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் மீண்டும் ஒன்றாகத்தானே வாழ்கின்றனர்? ஒரே மாடிக் கட்டடத்தில் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாகக் குடியிருக்கின்றனர். ஒரே கடையிற் பாண் வாங்குகின்றனர். 'கலவரம்' என்னும் மழுங்கிய சொல்லே அந்தக் கூட்டுவாழ்வுக்கு இடமளிக்கிறது. பெயர்சொல்லிக் கேட்கத் தொடங்கினால் ஆறிய புண் மீண்டும் திறக்கும் என்பர் சிலர். நல்லெண்ணம் கொண்டோரே இப்படிச் சொல்கின்றனர்.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது: மழுங்கிய சொல் ஓர் இனத்தையே குற்றவாளியாக்கிவிடுகிறது. செய்தவனின் பெயர் இல்லாதபோது கேட்பவன் தானே ஒரு பெயரை இட்டுக்கொள்கிறான். அந்தப் பெயர் 'சிங்களவர்' அல்லது 'தமிழர்' அல்லது 'முஸ்லிம்கள்' என்பதாகவே அமைகிறது. 'சிங்களவர் எரித்தனர்' என்பது 'எரிந்தன' என்பதைப்போலவே உண்மையை மறைக்கும் வாக்கியம். பட்டியலைக் கொடுத்தவர் யார், லொறியை அனுப்பியவர் யார், பார்த்துக்கொண்டு நின்ற உத்தியோகத்தர் யார், ஊரடங்கைத் தாமதித்தவர் யார் என்று கேட்கக் கேட்க எழுவாய் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க ஓர் இனம் முழுவதும் பழியிலிருந்து விடுபடுகிறது.

இரண்டாவது விடை இதனினும் முக்கியமானது. நடந்தது காற்றும் மழையும் போன்ற ஒன்றாயின், அங்கே தீயோனும் இல்லை, நல்லோனும் இல்லை. 1958 இலும் 1983 இலும் தம் வீட்டுக் கதவைத் திறந்து தமிழ்க் குடும்பங்களை உள்ளே ஒளித்து, வாசலில் நின்று பொய் சொல்லி உயிர் காத்த சிங்கள அயலவர் பலர். கதவைத் தட்டியவர்கள் தம்மையும் கொளுத்தக்கூடும் என்று அறிந்தே அவர்கள் அதைச் செய்தனர். 'கலவரம் ஏற்பட்டது; சிலர் தப்பினர்' என்று எழுதும்போது அவர்களும் மறைந்துபோகின்றனர். செய்த தீமைக்கு எழுவாய் இல்லையென்றால் செய்த நன்மைக்கும் எழுவாய் இல்லை. தெரிவு செய்யும் ஆற்றல் மனிதருக்கு அன்று இருந்தது என்பதற்கு அந்த அயலவரே சான்று. ஆகவே எரித்தவனுக்கும் தெரிவு இருந்தது.

சொற்கள் மாற இயலாதவை அல்ல. 1981 தொடக்கம் 1984 வரையிலான காலத்தை ஆராய 2001 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 'இன வன்செயல்' என்ற பெயரைத் தாங்கியது. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, 1983 இன் கொடுமைக்காக அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் மன்னிப்புக் கோரினார். சம்பவத்துக்கு எவரும் மன்னிப்புக் கோர முடியாது. செயலுக்கே கோர முடியும். பெயர் மாறியமையால் இறந்தவர் மீளவில்லை. இழந்த நீதியும் கிடைத்துவிடவில்லை. எனினும் பொறுப்பு என்ற ஒன்று உண்டு என்பது முதன்முறையாக அரசின் வாயால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பழைய வழக்கமும் எளிதில் மாய்ந்துவிடுவதில்லை. 2022 மே 9 ஆம் நாள், கொள்ளுப்பிட்டியிலுள்ள அலரி மாளிகையில் பிரதம மந்திரியின் ஆதரவாளர் கூடினர். கூட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள் வாசலில் கூடாரமிட்டிருந்தோரை அடித்தனர். பின்பு காலி வீதியால் நடந்து, காலி முகத்திடலில் அறப்போர் இருந்தோரை அடித்தனர். 1956 இல் சத்தியாக்கிரகிகள் அடிபட்ட அதே திடல். அன்றிரவு நாட்டின் பல பாகங்களில் ஆளுங்கட்சியினரின் வீடுகள் கொளுத்தப்பட்டன; அதற்கு முன்னரே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவையிற் கொல்லப்பட்டார். பகலில் அடித்தவருக்கும் பெயர் உண்டு. இரவில் கொளுத்தியவருக்கும் பெயர் உண்டு. 'மே 9 குழப்பம்' என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இருவரும் தப்புவர்.

மாணவரும் ஆசிரியரும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பதவியோ பணமோ வேண்டியதில்லை. நாளிதழில் 'கலவரம் மூண்டது' என்ற வரியைக் காணும்போது, யார் மூட்டியது என்று வகுப்பிலே கேட்கலாம். 'கடைகள் எரிந்தன' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பிறவினையாக்கி எழுவாய் தருக என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். நம்மவர் செய்ததைப் பற்றிய வாக்கியம் ஒன்றையும், பிறர் நமக்குச் செய்ததைப் பற்றிய வாக்கியம் ஒன்றையும் அருகருகே எழுதி, இரண்டுக்கும் ஒரே இலக்கணம் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பொருந்தாவிடின் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லும்போது வகுப்பறையின் அமைதி சற்றே குலையவும் கூடும். அது குலைவது நன்று.